மெழுகுவர்த்தி எரிந்தது

எங்கள் வீட்டில் காலைக் காப்பிக்குச் சர்க்கரை போடுகிற வழக்கம் கிடையாது. இனிப்பு பட்டால் நாக்கு மந்தமாகிவிடும். பிறகு அன்று முழுவதும் எந்த ஒயினையும் நம்பி ருசி பார்க்க முடியாது. நீங்கள் மூன்று கட்டி போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். தப்பில்லை, உங்கள் வேலைக்குக் காது போதும்.

நேற்று இரண்டு சவப்பெட்டிகளை மண்ணில் இறக்கிவிட்டு வந்திருக்கிறேன். அதற்கு முன் உங்கள் போலீஸ் ஆட்களிடம் நான் சொன்னதையெல்லாம் விட்டுவிடுங்கள். இன்று நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நான் அழுவேன் என்று கைக்குட்டையை எடுத்து வைக்க வேண்டாம்.

திராட்சை நொதித்து முடிந்ததும் ஒயினைக் கீழ்க்குழாய் வழியாக வடித்துவிடுவோம். சிமெண்டுத் தொட்டியின் அடியில் சக்கை தங்கும். யாராவது ஏணியில் இறங்கி அதை வாரிப் போட வேண்டும். சக்கைக்கு மேலே கரியமில வாயு தேங்கி நிற்கும்; கண்ணுக்குத் தெரியாது, இரண்டு மூச்சு இழுத்தால் ஆள் காலி. அதனால் காலையிலிருந்தே விசிறியின் குழாயை உள்ளே விட்டு ஓட்டுவோம். அதற்குப் பிறகும் எங்கள் வெர்னாஸ் குடும்பத்தில் மெழுகுவர்த்தி பார்க்காமல் யாரும் இறங்குவதில்லை. தகர டப்பாவில் ஏற்றி வைத்து, கயிற்றில் கட்டி, அடிவரை இறக்குவோம். எரிந்தால் இறங்கலாம், அணைந்தால் கூடாது. வாயுவை அளக்கும் கருவி ஒன்றும் வாங்கினோம், அது இன்னும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. கயிறு பிடிப்பது வீட்டு ஆள், முதலில் இறங்குவதும் வீட்டு ஆள். கூலிக்கு வந்தவனை இறக்கிச் சோதித்துப் பார்க்கும் ஈனத்தனம் எங்களிடம் என்றைக்கும் இருந்ததில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பஸ்தியான் என் தம்பி. லியோன் நகரத்தில் வீடு கட்டி விற்பவன். அப்பா தோட்டத்தை எங்கள் இருவருக்கும் பாதிப் பாதியாக விட்டுப் போனார். அவன் அறுவடைக்கு வருவான், எல்லோரையும் சிரிக்க வைப்பான், வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவான். மற்ற நாளெல்லாம் முதுகை ஒடித்துக்கொண்டது நான். அதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இந்த வருடம் வந்தவன் தோட்டத்தையே விற்கப் போவதாகச் சொன்னான். கூட்டுச் சொத்தில் ஒருவர் பிரிந்தே தீருவேன் என்றால் சட்டம் அவர் பக்கம்தான். வாங்குகிற நிறுவனம் எங்கள் மேல்சரிவுத் திராட்சையை ஊர்பேர் தெரியாத திராட்சைகளோடு கலந்து ஒரே தொட்டியில் கொட்டும். பாட்டிலில் எங்கள் பெயரே இருக்காது.

எனக்காக நான் கவலைப்படவில்லை. அவன் மகள் சொலேனுக்காகத்தான். அவள் சின்னவளாக இருந்தபோதே அம்மா விட்டுப் போனதால் விடுமுறை தவறாமல் என்னிடம் வளர்ந்த பெண். ஒயின் படிப்பை முடித்துவிட்டு வசந்தகாலத்தில் என்னோடு வேலைக்கு வந்து சேர்ந்தாள். மேல்சரிவு ஒயினை வாயில் வைத்தால் கண்ணை மூடி, எந்த வரிசைக் கொடி என்று சொல்லிவிடுவாள். அவளை அப்படிப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். தோட்டம் உனக்குத்தான் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதைச் சொன்னபோது பஸ்தியான் சிரித்தான்.

"நீ மாட்டிக்கிட்டு முழிக்கிறது பத்தாதாக்கா? என் பொண்ணையும் இந்தச் சேத்துலயே நட்டு வைக்கணுமா?"

அந்தச் சிரிப்பு எனக்கு வலித்தது. அன்றே யோசித்துவிட்டேன். அவன் இல்லை என்றால் அவன் பாதி சொலேனுக்கு. எனக்குப் பின் என் பாதியும் அவளுக்கு. இதில் யாருக்கும் அநியாயம் இல்லை.

திங்கட்கிழமை விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்து. சனிக்கிழமை கடைசித் தொட்டி. அது காலியாகும் நாளில் வேலையாட்களுக்கு விருந்து வைப்போம். ஒயினில் வேகவைத்த மாட்டிறைச்சியின் வாசனை கிடங்குவரை வந்தது. எல்லோரும் முற்றத்தில் பந்தியில் இருந்தார்கள். கடைசி முறை, நானே இறங்குகிறேன் என்று பஸ்தியான் கால்சட்டையைச் சுருட்டினான். விசிறி ஓடியதா என்று கேட்டான். ஓடியது என்றேன். உங்கள் ஆட்களிடம், விசிறி போட மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தேன். நான் மறக்கிற ஆள் இல்லை.

அவன் ஓரமாக உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் டப்பாவை இறக்கினேன். பாதி ஆழம் போவதற்குள் சுடர் சுருங்கி அணைந்தது.

"என்னக்கா சொல்லுது உன் மெழுகுவர்த்தி? நான் பொழைப்பேனா?"

"எரியுதுடா. எறங்கு."

நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வந்து இறங்கினான். ஏணியின் அடியில் நின்று ஏதோ கேலி பேச வாயெடுத்தான், முடிக்கவில்லை. நான் டப்பாவை மேலே இழுத்துத் திரியை மறுபடி பற்ற வைத்தேன். யாராவது வந்து பார்த்தால் அது எரிந்துகொண்டிருக்க வேண்டும் அல்லவா. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

சாப்பிடக் கூப்பிட சொலேன் வந்தாள். அவள் பந்தியில் இருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். எட்டிப் பார்த்தாள். "ஐயோ, அப்பா வழுக்கி விழுந்துட்டாரு" என்று ஏணியில் கால் வைத்தாள். ஆனால் படித்த பெண், எங்கள் வீட்டில் வளர்ந்த பெண். ஒரு படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அத்தை, மெழுகுவர்த்தி எரிஞ்சுதுல்ல?"

அணைந்தது என்றால் அவள் மேலே ஏறிவிடுவாள். அப்பா ஏன் அங்கே கிடக்கிறார் என்பதும் அவளுக்குப் புரிந்துவிடும். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்ப்பாளா? இந்தத் தோட்டத்தில் ஒரு கொடியையாவது தொடுவாளா? அந்த வேதனை அவளுக்கு வேண்டாம் என்று நினைத்தேன். நான் செய்தது அத்தனையும் அவளுக்காகத்தான். அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

"எரிஞ்சுதும்மா" என்றேன். அவளுக்குச் சந்தேகம் வரக் கூடாதே என்று, டப்பாவை உயர்த்திச் சுடரையும் காட்டினேன்.