மூன்று தட்டு, ஒரு குறி

எங்கள் தெருவில் யாரும் கையால் கதவைத் தட்டுவதில்லை. கப்பல் பட்டறையில் ரிவெட் அடித்தே பாதிப் பேருக்குக் காது போய்விட்டது. அதனால் வாசல் பலகையைக் காலால் ஓங்கி மிதிப்போம். வீட்டுத் தரை முழுக்க அதிரும். உள்ளே இருப்பவர் எழுந்து வருவார். பட்டறை மூடிப் பல வருடமாகியும் பழக்கம் போகவில்லை.

தண்ணீரைப் பார்த்த இடம், சும்மா விடுவார்களா? அடுக்குமாடி கட்ட ஒரு நிறுவனம் வந்தது. எல்லாருக்கும் இங்கேயே வீடு என்று எழுதித் தரும்வரை ஒருவரும் கையெழுத்துப் போடக் கூடாது என்று தெரு கூடி முடிவெடுத்தோம். அதை முதலில் சொன்னவர் என் மச்சான். இறந்துபோன அக்காவின் கணவர், பாய்லர் பிரிவு மேஸ்திரி. என் தோளில் கை போட்டுக்கொண்டுதான் சொன்னார்.

ஆறே மாதத்தில் எல்லாம் கலைந்தது. யாரோ ரகசியமாகக் கையெழுத்துப் போட, அடுத்தவர், அதற்கடுத்தவர். முந்தியவர்களுக்குத் தண்ணீரைப் பார்த்த வீடு. மற்றவர்களுக்கு ஊருக்கு வெளியே, பஸ் போகாத இடத்தில்.

இடிப்பு தொடங்கியதும் நிறுவனம் எனக்கு ஒரு வேலை கொடுத்தது. ஒவ்வொரு கதவையும் மூன்று முறை தட்டி, குரல் கொடுத்து, ஆளில்லை என்றால் சாக்பீஸால் பெருக்கல் குறி போட வேண்டும். குறியைப் பார்த்துத்தான் இயந்திரக்காரர் இடிப்பார். கூடவே ஒரு பட்டியலும் தந்தார்கள். கையெழுத்துப் போட்ட வரிசையில் பெயர்கள். முதல் பக்கத்திலேயே மச்சான் பெயர். என் தோளில் கை போட்டுச் சொன்ன அதே ஆள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அன்று காலை அவரே என்னிடம் வந்தார்.

"மாப்ளே, உங்க அக்கா தையல் மெஷின தரையோட முடுக்கி வச்சிருக்கு. கழட்டி எடுத்துட்டு வந்துடறேன். நம்ம வீட்டு முறை வரும்போது ஒரு மிதி மிதி."

"அவசரமில்ல மச்சான், நிதானமா கழட்டுங்க" என்று அவர் காதருகே கத்தினேன்.

பதினொரு மணிக்கு அவர் வாசலில் நின்றேன். பின்னறையில் ஸ்பேனர் சத்தம் கேட்டது. இயந்திரம் பின்சுவரிலிருந்துதான் தொடங்கும் என்பதும் எனக்குத் தெரியும். கையால் மூன்று முறை தட்டினேன். "மச்சான்" என்று கூப்பிட்டேன், நாம் இப்போது பேசும் குரலில். விதி அவ்வளவுதான் கேட்கிறது. கால் மட்டும் பழக்கதோஷத்தில் மேலே எழும்பியது. அதை மெல்லக் கீழே வைத்துவிட்டுக் குறி போட்டேன். இயந்திரக்காரர் மேல் தப்பில்லை, அவரை விட்டுவிடுங்கள்.

இந்த வேலையை எதற்கு எனக்குக் கொடுத்தார்கள் என்று கேட்கிறீர்கள். பட்டியல் உங்கள் மேசைமேல்தான் இருக்கிறது, பாருங்கள் ஐயா. மச்சான் இரண்டாவது. அவருக்கு மேலே இருப்பது நான். நான் போட்டது பிள்ளைகளுக்காக. ஆனால் அவர், கையெழுத்துப் போடும் முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?