பத்திரிகையில் போட்ட பட்டம்

ஆரணி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்களாம். ஒருத்தி தன் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தாள்.

“பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டிருக்கே. பிஎச்டி முடிச்சிட்டியா?”

“எங்க முடிச்சேன்? கல்யாணத்துக்குள்ள முடிஞ்சிடும்னு அப்பாவே போட்டுட்டாரு. கைடு ரிட்டயர் ஆனதும் வேற ஆளே போடலடி. நூறு வருஷத்து டிபார்ட்மென்ட், போன வருஷம் பூட்டிட்டாங்க.”

“மாப்ள வீட்டுக்குத் தெரியுமா?”

“அப்பாவுக்கே தெரியாது. தறியில உக்காந்துகினு வர்றவங்ககிட்டல்லாம் பொண்ணு டாக்டருன்றாரு. எப்படிச் சொல்றது?”

“இப்ப எங்க போற?”

“யூனிவர்சிட்டிக்குத்தான். வீட்ல அப்படித்தான சொல்லிகினு இருக்கேன். பூட்டின கதவாண்ட சாயந்தரம் வரைக்கும் உக்காந்துட்டு வந்துடுவேன்.”

தோழி பத்திரிகையைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, பைக்குள் வைக்கவும் இல்லை.