சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியம்

டீ வேண்டாம். வெந்நீர் இருந்தால் கொடுங்கள். வாத்தியார் வேலை பார்க்கிறவர்களுக்குத் தொண்டைதான் எல்லாம். டீயைக் குடித்துவிட்டு வகுப்புக்குள் போனால் பாதியிலேயே குரல் கரகரத்துவிடும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகப் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

தமிழில்தான் சொல்வேன். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் நடத்துகிறவள் ஆங்கிலத்தில் வாக்குமூலம் தரமாட்டேன் என்றால் உங்களுக்கு அது அடமாகத் தோன்றலாம். ஆங்கிலம் எனக்குத் தொழில். உங்கள் ஊர் மொழி கடைத்தெருவுக்கு. நீங்கள் கேட்பது வீட்டு விஷயம். இந்த அம்மாள் மொழிபெயர்க்கட்டும். நன்றாகவே செய்கிறார், கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்கள் ஊர்க் கல்லூரி ஒன்றில் பல வருடம் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். தற்காலிகம் என்ற சொல்லுக்கு அவ்வளவு ஆயுள் உண்டு என்று அங்கேதான் தெரிந்தது. என்னிடம் படித்தவர்கள் எனக்கு மேலதிகாரியாக வந்து உட்கார ஆரம்பித்ததும் கிளம்பிவிட்டேன். இந்த நகரத்தில் தெருவுக்குத் தெரு ஆங்கிலம் கற்றுத் தருகிறார்கள், பல்கலைக்கழகங்களிலும் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

கேள்விப்பட்டது பொய்யில்லை. ஆனால் அவர்களுக்கு வேண்டியிருந்தது வேறு முகம். தொலைபேசியில் அரை மணி நேரம் பேசி, உடனே வாருங்கள் என்பார்கள். நேரில் போனால் வரவேற்பறையில் இருக்கும் பெண் என் தலைக்குப் பின்னால் வேறு யாரையோ தேடுவாள். ஒரு நிறுவனத்தின் மேலாளர் மரியாதையானவர், உண்மையைச் சொன்னார். “உங்க குரலைக் கேட்டு வேற மாதிரி நினைச்சிட்டோம். தப்பா எடுத்துக்காதீங்க. காசு கட்டுறவங்க ஒரு முகத்தை எதிர்பார்க்கிறாங்க.” அந்த இடம் ஊர் சுற்ற வந்த ஒரு வெள்ளைக்காரப் பையனுக்குப் போயிற்று. ஆங்கிலம் அவனுக்குத் தாய்மொழி. அதில் ஒரு பத்தி பிழையில்லாமல் எழுத வராது. அவனுடைய பாடக் குறிப்புகளை நான்தான் திருத்திக் கொடுத்தேன்.

எனக்குக் கிடைத்தது ஒரு மழலையர் பள்ளி. கையில் குரங்குப் பொம்மையை மாட்டிக்கொண்டு அது பேசுவதுபோலப் பேச வேண்டும். முதுகலையில் தங்கப் பதக்கம் வாங்கியவள் குரங்குக்குக் குரல் கொடுத்தேன். நன்றாகவே கொடுத்தேன். சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்துக்கொண்டேன். கீழே இயந்திரம் ஓடினால் மேலே தரை சுடும். மாலையில் அந்தச் சூட்டில் உட்கார்ந்து உங்கள் மொழியைப் படித்தேன். யாரும் என்னைப் படிக்கச் சொல்லவில்லை. இங்கே பத்து வருடம் இருந்தவர்கள்கூட என் அளவு பேசமாட்டார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

குட்டி வந்தது அதற்குப் பிறகு. என் சித்தியின் மகள். வீட்டில் கடைசி என்பதால் குட்டி. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அவளுக்கு ஆங்கில எழுத்தை முதன்முதலில் சொல்லிக் கொடுத்ததே நான். என்னைப் பார்த்து அவளும் ஆங்கிலமே எடுத்துப் பட்டம் வாங்கினாள். சித்தி தொலைபேசியில் பேசினாள்.

“அங்க வந்தாவது அவளுக்கு ஒரு வேலை அமையட்டும். நீ பக்கத்துல இருக்கேன்னுதான் அனுப்புறேன். பார்த்துக்கோம்மா.”

பார்த்துக்கொண்டேன். கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தேன். எங்கே எந்தப் பேருந்து ஏற வேண்டும் என்று கூடவே போய்க் காட்டினேன். குட்டிக்கு உங்கள் மொழியில் ஒரு சொல் தெரியாது. ஆனால் இத்தனை காலம் எனக்குப் பல்லைக் காட்டாத சலவைக் கடைக்காரி, அவள் துணியை இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்தாள். கேட்டால், “அந்தப் பொண்ணு சிரிக்கிறது அழகா இருக்கு” என்றாள். குட்டி எல்லாவற்றுக்கும் சிரிப்பாள். ஆங்கிலத்தில் தப்பாகச் சொல்லிவிட்டு அதற்கும் சிரிப்பாள். நான் திருத்தினால், “ஐயோ அக்கா, இந்த ஜென்மத்துல எனக்கு அது வராது” என்று என் தோளிலேயே சாய்ந்துகொள்வாள்.

பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத் துறைக்கு ஓர் ஆள் வேண்டும் என்ற செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான். அதை அவளிடம் சொன்னது என் தவறு. இந்தக் கதையில் என் தவறு என்று நான் ஒப்புக்கொள்வது அது ஒன்றைத்தான்.

“அக்கா, நானும் சும்மா போட்டுப் பாக்கட்டுமா? எனக்கெங்க கிடைக்கப் போகுது.”

“போடு” என்றேன். அவள் விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்ததும் நான்தான்.

இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். துறைத்தலைவி நரைத்த தலைமுடிக்காரர், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருப்பார். அவர் கேட்ட எந்தக் கேள்வியிலும் நான் தடுமாறவில்லை. என்னை அடுத்து குட்டி உள்ளே போனாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. வெளியே நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டது. துறைத்தலைவியின் சிரிப்பு.

முடிந்ததும் அவர் என்னோடு லிஃப்ட் வரை நடந்து வந்தார். “உங்க ஆங்கிலத்துல ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா எங்க பசங்க வாயைத் திறக்கவே பயப்படுறவங்க. உங்க தங்கச்சி முன்னால தப்பாப் பேச அவங்க கூச்சப்பட மாட்டாங்க. வியாழக்கிழமை ரெண்டு பேரும் ஒரு மாதிரி வகுப்பு எடுங்க, பார்ப்போம்.”

அந்தப் ‘பார்ப்போம்’ எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். பத்து இடங்களில் கேட்டிருக்கிறேன். முகம் சரியில்லை என்றார்கள், பொறுத்துக்கொண்டேன். தெரியாததற்காகத் தள்ளினார்கள் என்றால்கூடப் பொறுத்திருப்பேன். நன்றாகத் தெரிகிறது, அதனால் வேண்டாம் என்று சொல்வதை எந்த ஊரில் ஐயா ஏற்றுக்கொள்வார்கள்?

வகுப்புக்காகக் குட்டி அந்தச் சூட்டறையில் ஓயாமல் சத்தம் போட்டுப் பயிற்சி எடுத்தாள். புதன்கிழமை காலையில் காய்ச்சல், தொண்டை முழுக்கச் சீழ். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. குரல் இல்லாமல் எப்படி வகுப்பு எடுப்பாள் என்று எனக்குத் தோன்றியது. நிம்மதியாக இருந்தது, மறைக்கவில்லை. அவள் அன்று பேசாமல் படுத்திருந்தால் இன்றைக்கு நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். அவள் படுக்கவில்லை. “ஒரு ஊசி போட்டா நாளைக்குள்ள சரியாயிடும்லக்கா?” என்று கிசுகிசுத்துக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

அந்த மருத்துவரிடம் நீங்கள் விசாரித்திருப்பீர்கள். மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருப்பவர். ஆங்கிலம் தெரியாதவர். மாடிப்படியில் ஏறும்போதே குட்டி என் கையைப் பிடித்து, “பென்சிலின் எனக்கு ஆகாதுன்னு மறக்காம சொல்லிடுக்கா” என்றாள். சரி என்றேன்.

அவர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்தார். என்ன சாப்பிட்டாள், காய்ச்சல் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். ஒவ்வொன்றையும் சுத்தமாக மொழிபெயர்த்தேன். பிறகு, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று கேட்டார். நான் குட்டியிடம் திரும்பி, “விழுங்கும்போது வலிக்குதான்னு கேக்குறார்” என்றேன். அவள் ஆமாம் என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாள். இங்கே தலையை அப்படி ஆட்டினால் இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். நானும் வாயால் சொன்னேன். “இல்லையாம். எல்லாமே ஒத்துக்கொள்ளுமாம்.”

“சொல்லிட்டியாக்கா?”

“சொல்லிட்டேன்டி.”

அவர் எழுதிய மருந்துக்கு உங்கள் மொழியில் வேறு பெயர். குட்டிக்கு எங்கே புரியப் போகிறது. நர்ஸ் வயதானவர், கவனமானவர். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்கு முன்னால் போட்டிருக்கிறார்களா என்று என்னைக் கேட்டார். ஊரில் நிறைய தடவை போட்டிருக்கிறாள் என்றேன். போட்டு முடித்ததும், கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்றார். உள்ளே ஒரு குழந்தை வீறிட்டதும் அவர் போய்விட்டார். நான் குட்டியிடம், “அவ்வளவுதான், வீட்டுக்குப் போய்ப் படுக்கச் சொல்றாங்க” என்றேன். கீழே வந்து பேருந்து ஏறினோம். பேருந்திலேயே மயக்கமானாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது.

துறைத்தலைவி செய்தி கேட்டு அன்று மாலையே தொலைபேசியில் பேசினார். மாதிரி வகுப்பைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்றார். வேண்டாம் என்றேன். மறுநாள் காலையில் போனேன். நடக்காமல் போனதைப் பற்றிப் பேசும் வாக்கியங்களை எடுத்துக்கொண்டேன். மழை பெய்திருந்தால் போயிருக்கமாட்டேன், முன்பே தெரிந்திருந்தால் வந்திருப்பேன் என்கிற வகை. மாணவர்களுக்குக் குழப்பமான பகுதி அது. வகுப்பு முடியும்போது கடைசி பெஞ்சில் இருந்தவன்கூடச் சரியாக ஒரு வாக்கியம் சொன்னான். துறைத்தலைவி என்னைக் கட்டிக்கொண்டு கண் கலங்கினார். எவ்வளவு திடமான மனசு என்றார்.

வேலை எனக்குத்தான் கிடைத்தது. என் மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். பேசுகிறார்கள், பிழையில்லாமல் பேசுகிறார்கள். பயம் இல்லாமல் இருந்தால்தான் மொழி வரும் என்றார் அல்லவா துறைத்தலைவி? அது சரியில்லை என்று ஒரே பருவத்தில் காட்டிவிட்டேன்.

குட்டியின் அண்ணன் சும்மா இருந்திருக்கலாம். உடலை எடுத்துப்போக வந்தபோதே அவன் அதிகம் பேசவில்லை. போன மாதம் மறுபடி வந்தான். இங்கே வேலை பார்க்கும் தன் நண்பன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு நேராக அந்த நர்ஸிடம் போயிருக்கிறான். பிறகுதான் என் அறைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“நிறைய தடவை போட்டிருக்கான்னு நீ சொன்னியாமே.”

“பதற்றத்துல ஏதோ சொல்லியிருப்பேன்டா.”

“பதற்றமா? நீயா?”

“உடம்புல தடிப்பு வரும், ஒரு நாள் படுத்திருப்பான்னுதான் நினைச்சேன். வேற எதுவும் நினைக்கல.”

உங்களிடமும் அதைத்தான் சொல்லலாம் என்று இருந்தேன். சொல்லியிருந்தால் நம்பியிருப்பீர்கள். ஆனால் அவன் கதவுப் பக்கம் நின்றுகொண்டு ரொம்ப மெதுவாகச் சொன்னான்.

“அவ ஒன்னாவது படிக்கும்போது அந்த ஊசி போட்டு மூச்சு நின்னு போச்சு. வீட்ல பெரியவங்க யாரும் இல்ல. அவளைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினது நீதானேக்கா.”

ஆமாம். நான்தான் ஓடினேன். செருப்புகூடப் போடவில்லை. உதடு எப்படித் தடிக்கும், எவ்வளவு நேரத்தில் மூச்சு இழுக்கும், முகம் எந்த நிறத்துக்கு வரும் என்று எங்கள் குடும்பத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. அன்றைக்கு அவளைப் பிழைக்க வைத்தது நான். அதற்கு யாரும் எனக்கு ஒரு பதக்கமும் தரவில்லை.

பேருந்தில் என்ன நடந்தது என்றுதானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். நான் எதற்கும் பயந்தவள் இல்லை.

அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். முதலில் உள்ளங்கையைச் சொறிந்தாள். அடுத்து உதடு தடித்தது. “ஒரு மாதிரி இருக்குக்கா. அவங்ககிட்ட சொன்னேல்ல?” என்றாள். “சொன்னேன்டி. காய்ச்சல்ல அப்படித்தான் இருக்கும், கண்ணை மூடிக்கோ” என்று அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் வண்டி நின்றது, கிளம்பியது. கம்பியைப் பிடித்து நின்றிருந்த ஒரு பெண்மணி குனிந்து பார்த்து, இவருக்கு உடம்புக்கு முடியவில்லையா, வண்டியை நிறுத்தச் சொல்லட்டுமா என்று கேட்டார். குட்டிக்குப் பேச்சு வரவில்லை. அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என்ன கேட்கிறார் என்று கண்ணாலேயே கேட்டாள்.

“ஒன்னுமில்ல, நம்ம எந்த ஊருன்னு கேக்குறாங்க” என்றேன்.

பிறகு அந்தப் பெண்மணியிடம் திரும்பி, ஒன்றும் வேண்டாம், இவளுக்கு அடிக்கடி இப்படி வரும், தூங்கினால் சரியாகிவிடும் என்று உங்கள் மொழியில் ஒரு பிசகில்லாமல் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. நீங்கள் இங்கேயே பிறந்தவரா, எவ்வளவு சுத்தமாகப் பேசுகிறீர்கள் என்றார். இந்த நகரத்தில் அதுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. நன்றி என்றேன்.