கட்டச்சிக் கல்

வெகு காலத்துக்கு முந்தி, மழை பிடிச்சா மாசக்கணக்குல விடாத காலத்துல, கரட்டுப்பட்டியில சடையாண்டின்னு ஒரு வேட்டைக்காரன் இருந்தானாம். என் பூட்டனுக்குப் பூட்டன். அவன் வேட்டைநாய் தானியக் குலுக்கைக்கு அடியில போய்க் குட்டி போட்டுச்சாம். ஒரு சாண் சந்துதான். மத்த குட்டியெல்லாம் வெளிய வந்து வளந்துச்சு. ஒரு பொட்டைக்குட்டி மட்டும் வரமாட்டேன்னு உள்ளயே கிடந்து வளந்துச்சாம். உடம்பு நீளமாப் போச்சு, கால் எங்க போகும்? ஒரு சாணோட நின்னுபோச்சு. நம்பாதவன் குலுக்கைக்கு அடியில படுத்துப் பாத்துட்டு வரட்டும்.

"ஏலே சடையாண்டி, நாய் வளக்கியா, சுரைக்காய்க்குக் கால் வச்சு விட்டிருக்கியா?"ன்னு ஊரே சிரிச்சுதாம்.

பேரு கட்டச்சி. ஆளு குட்டை, நெனப்பு ஆனை நெனப்பு. கூப்பிட்டா வராது, தனக்குத் தோணினா வரும். ஆனா பொந்துக்குள்ள நுழைஞ்சா, உள்ள இருக்கிறதை வெளிய விரட்டாம விடாது.

ஒரு வருசம் முள்ளம்பன்றி வந்து கடலைக்காட்டையெல்லாம் தோண்டித் தின்னுச்சாம். சடையாண்டியும் ஊரு ஆளுகளும் வேட்டைக்குக் கிளம்பினாங்க. அப்பத்தான் போட்ட பால்குடிக் குட்டிகளை வீட்டுல விட்டுட்டுக் கட்டச்சியும் கூடப் போச்சு. ஊரை ஒட்டின கல்லுக்குன்று, அந்தக் கரட்டுலதான் முள்ளம்பன்றிப் பொந்து. அதுக்குப் பல வாய். ஒண்ணை விட்டுட்டு மத்ததைக் கல்லால அடைச்சாங்க. கட்டச்சி உள்ள போச்சு. ஒரே குரைப்பு. முள்ளைச் சிலுப்பிக்கிட்டு முள்ளம்பன்றி வெளிய பாஞ்சுது.

வேட்டையில ஒரு வழக்கம். மிருகம் வெளிய வந்ததும் பொந்தை அடைச்சிடணும். இல்லன்னா சுத்திவந்து திரும்பப் பூந்துக்கும். சடையாண்டி கை, அவனைக் கேக்காமலே கல்லை உருட்டி வச்சுது. "விடாதே, விடாதே!"ன்னு எல்லாரும் ஓடினாங்க.

கரட்டுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் அடிச்சாங்களாம். கறியைக் கூறு போட்டாங்க. முதல் கூறு நாய்க்கு. அதை இலையில எடுத்துவச்சுட்டு, "கட்டச்சி! ஏ கட்டச்சி!"ன்னு கூப்பிட்டான் சடையாண்டி.

"அது என்னைக்கு மாமா கூப்பிட்டதும் வந்துச்சு?"ன்னு மச்சினன் பெரியமாடன் சிரிச்சான்.

சடையாண்டி தன் உள்ளங்கையைப் பாத்தானாம். கல்லுப் புழுதி ஒட்டியிருந்துச்சு.

ஓடினான். ஓடி வந்து கல்லைப் புரட்டினான். பின்னாலயே கிடந்துச்சு கட்டச்சி. தோண்டின மண்ணு மேல சரிஞ்சு, மூக்கு மட்டும் கல்லை ஒட்டி. மூச்சு இல்ல, உடம்புச் சூடு மட்டும் ஆறல. முன்னங்கால்ல நகம் ஒண்ணு கூட இல்ல.

"இந்தக் காலை வச்சுக்கிட்டு எம்புட்டுத் தோண்டியிருக்கே தாயி!"ன்னு மடியில போட்டு அழுதானாம். அப்புறம் அவன் வேட்டைக்கே போகல. குட்டிகளுக்கு ஆட்டுப்பாலைத் துணியில நனைச்சு ஊட்டி வளத்தானாம்.

அந்த வம்சம்தான் எங்க ஊர்க் குட்டைக்கால் நாய். அந்தக் கல்லும் கரட்டுல கிடக்கு, கட்டச்சிக் கல்லுன்னு. இன்னைக்கும் இந்த நாய்க கூப்பிட்டதும் வராது. தூரத்துல நின்னு நம்ம கையையே பாக்கும். அதான் கரட்டுப்பட்டியில யாரு நாயைக் கூப்பிட்டாலும், ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டிட்டுக் கூப்பிடுறது.

கல்லு இல்லன்னு அதுக்குத் தெரியணும்ல.