எழுதிய தாளுக்கும் மதிப்புக் கொடுத்த கேதீஸ்வரி அக்காவுக்கு

எங்கள் ஏறாவூர்க் கிளையின் ஏந்தலே! வாவிக்கரை வாடிக்கையாளர் வாயார வாழ்த்தும் வாஞ்சையே! காசோடு பழகியும் கறைபடாத கைகளுக்குச் சொந்தக்காரியே! முப்பதாண்டுகளுக்கு மேலாகக் காசாளர் கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்து எங்களை ஆண்ட அக்காவே! உங்களுக்கு எங்கள் வணக்கமும் ஸலாமும்!

பணம் எண்ணப் பலர் பழக்குவர். பணத்தாள் பிறந்த கதையைப் படிப்பித்தவர் நீங்கள். தனியார் வங்கிகளின் தாளை நம்பிய இலங்கையர் 1884இல் அப்படியொரு வங்கி முறிந்தபோது தவித்ததையும், அதன்பின் அரசே தன் தாளை வெளியிட்டதையும், சுதந்திரத்தின் பின் அவ்வுரிமை மத்திய வங்கிக்குச் சென்றதையும், 1970இல் ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்கள் செல்லாமற் போனதையும் நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் தேநீர் எத்தனை தரம் ஆறியிருக்கும்! “தாள் வெறும் தாள்தான் புள்ளயள். அரசாங்கம் குடுத்த வாக்குத்தான் காசு” என்பீர்கள். எங்களில் றமீஸ் மட்டும் கொட்டாவி விடுவார்.

அந்த வாக்கின் எல்லையை 2017இன் கடைசி மாதத்தில் கண்டோம். வேண்டுமென்றே எழுதப்பட்ட தாள்களுக்கு அவ்வாண்டு முடிந்தபின் பெறுமதி கிடைக்காது என்ற அறிவித்தல் கேட்டு, வாகரையிலிருந்து இலட்சுமிப்பிள்ளை அம்மா பதறி வந்தார். கையில் ஒரு நூறு ரூபாய்த் தாள். ஆழிப்பேரலை வந்த நாளின் விடியலில் கடலுக்குப் போன கணவர், வேறு கடதாசி அகப்படாமல், அதன் ஓரத்தில் “பின்னேரம் வந்திருவன்” என்று எழுதி வைத்திருந்தார். அவர் வரவேயில்லை. மடியில் செருகியபடி அம்மா ஓடியதால் தாள் தப்பியது.

“இனி இது செல்லாதாம் எண்டுறாங்களே தங்கச்சி?” என்று அழுதார். மாற்றினால் புதுத்தாள் கிடைக்கும், பழையது அழிக்கப்படும். நாங்கள் விதிகளைப் புரட்டிக்கொண்டிருக்க, நீங்கள் கண்ணாடிக்கு இப்பால் வந்து அவர் கையைப் பிடித்தீர்கள்.

“அரசாங்கம் தன்ட வாக்கத்தான் திருப்பி எடுக்குது அக்கா. அவர் எழுதின வாக்க எடுக்க ஆருக்கும் சட்டமில்ல. வீட்ட கொண்டு போங்க.”

கொண்டு போனார். இன்று அதே தாளோடு இம்மண்டபத்தின் முன்வரிசையில் இருக்கிறார்.

அக்கா, இன்றோடு நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள்; நாளை உங்கள் கதிரையில் கம்சாயினி இருப்பார். கெட்டிக்காரிதான்; ஆனாலும் எங்கள் கண்கள் உங்களையே தேடும். தேநீர் சூடாகவே இருக்கும், குடிக்க மனம் வராது. நோயின்றி, குறையின்றி, நிறைவாய் நெடுங்காலம் வாழுங்கள்!

ஒவ்வொரு பின்னேரமும் கதவடியில் நின்று “போயிட்டு வாறன் புள்ளயள்” என்பீர்கள். இன்றும் அதையே சொல்லிவிட்டுப் போங்கள். நாளை நீங்கள் வரமாட்டீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வாக்கை வைத்திருப்போம். எந்த ஆண்டு முடிந்தாலும் மாற்றக் கொடுக்கமாட்டோம்.

பிரிய மனமில்லாத
ஏறாவூர்க் கிளை உத்தியோகத்தர்கள்