அவர் குடிக்க மறுத்த சாறு

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, மருந்தியல் துறைத் தோழர்களே, முன்வரிசையில் கண்கலங்கி அமர்ந்திருக்கும் பேராசிரியரின் கணவர் அவர்களே, மாணவச் செல்வங்களே! வணக்கம்.

மாணவர்களே, நம் பேராசிரியரை ‘கஷாய மேடம்’ என்று முதுகுக்குப் பின்னால் அழைத்தீர்கள். அது அவருக்குத் தெரியும். “முன்னாடியே கூப்பிடுங்கப்பா, திரும்பிப் பார்க்கிற வேலை மிச்சம்” என்பார். அவருக்கா இன்று இரங்கல் கூட்டம்?

புற்றுநோய் மருந்து புற்றை அடிக்கும். கூடவே சிறுநீரகத்தையும் அடித்துவிடும். அந்த அடியை ஒரு வேரின் சாறு தடுக்குமா? இதுவே நம் மருந்தியல் பேராசிரியரின் வாழ்நாள் கேள்வி. அவருடைய எலிகளின் சிறுநீரகத்தை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வது என் வேலை.

ஒருமுறை, சாறு குடித்த எலிகளின் சிறுநீரகம் துளிச் சேதமில்லாமல் இருந்தது. ஆய்வகமே துள்ளிக் குதித்தது. அவர் மட்டும், புற்று மருந்து ஏற்றியும் சாறு குடிக்காத எலிகளைப் பார்க்கச் சொன்னார். அவற்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை! குளிர்பெட்டி பழுதாகி, புற்று மருந்தே வீரியம் இழந்திருந்தது. “கெடாத கிட்னியை எதுலேருந்துய்யா காப்பாத்தினோம்?” என்று சிரித்தார். மாநாட்டுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். மனிதர்களிடம் சோதிக்கும் அனுமதியும் தள்ளிப்போனது.

மறுபடி செய்தோம். இந்த முறை சாறு எலிகளை உண்மையாகவே காத்தது. அதற்குள் புற்று அவருக்கே வந்துவிட்டது. அதே மருந்தைத்தான் அவருக்கும் ஏற்றினார்கள்.

“இத்தனை எலிக்குக் கொடுத்தியே, நீ ஒரு மடக்கு குடிச்சா என்ன?” என்று கெஞ்சினார் கணவர்.

“கிட்னியைக் காப்பாத்துற சாறு, புத்தையும் சேர்த்துக் காப்பாத்திட்டா? யாருக்குங்க தெரியும்? நான் பொழைச்சா ஊரே அளவு தெரியாம காய்ச்சிக் குடிக்கும். செத்தா வேரைத் தூக்கி எறிஞ்சிடும். ஒரு ஆளை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.”

எவ்வளவு நியாயம்! எவ்வளவு கொடிய நியாயம்! சிறுநீரகம் செயலிழந்தது, மருந்தை நிறுத்தினார்கள், அவர் போய்விட்டார். அவர் காத்துக் கிடந்த அனுமதி, அவர் கண்மூடிய பிறகு வந்திருக்கிறது. நெஞ்சு பொறுக்கவில்லை எனக்கு.

சற்றுமுன் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவருடைய கணவர் கேட்டார்: “குடிச்சிருந்தா இருந்திருப்பாளா டாக்டர்?”

தெரியாது ஐயா. இன்று யாருக்கும் தெரியாது. அவர் விட்டுச்சென்ற சோதனையை நாங்கள் நடத்தி முடிப்போம். இது இந்த அவையில் நான் தரும் வாக்கு. சாறு காக்காது என்று தெரிந்தால், அவர் உழைப்பு வீண் என்பார்கள். காக்கும் என்று தெரிந்தால், உங்கள் துக்கம் இன்னும் கூடும். எதுவானாலும் மறைக்காமல் உங்கள் வீட்டுக்கே வந்து சொல்வோம்.

அன்று எங்களை உள்ளே விடுங்கள், ஐயா.