எண்ணாத ஐம்பதுக்குச் சாட்சி கேட்டவருக்கு

விரல் நுனியில் தராசு வைத்திருந்த வித்தகரே! வென்றவர் வாழ்த்தையும் வீழ்ந்தவர் வசவையும் ஒரே முகத்தோடு வாங்கிக்கொண்ட வாக்கு எண்ணும் கூடத்தின் தலைவரே! முப்பத்து நான்காண்டு முடித்து விடைபெறும் மூத்தவரே! வணக்கம்.

ஐம்பது சீட்டுக் கட்டு என்று நாங்கள் நீட்டியதைக் கையில் வாங்கியதுமே, "நாற்பத்தொன்பதும் ஒரு ஈயும்" என்றீர்கள். பிரித்தால் நாற்பத்தொன்பது சீட்டும் நசுங்கிய ஈ ஒன்றும் இருந்தன. ஈயைச் செல்லாத வாக்கில் சேர்ப்பதா என்று அரைமணி நேரம் விவாதம் நடந்ததை நம்பாதவர் நம்பாமலே போகட்டும்!

இந்த வாழ்த்துமடலில் இதுவரை உள்ளதை மேலதிகாரி முன்கூட்டியே படித்து ஒப்புதல் தந்துவிட்டார். இனி வருவது நாங்கள் பிறகு சேர்த்தது.

நான்காண்டுக்கு முன், நகர்மன்றத் தேர்தல். ஒருவர் இருபத்து மூன்று வாக்கில் முந்தி நின்றார். தாங்கள் கையெழுத்திட்ட தாளை வாசல் பலகையில் ஒட்டினால்தான் முடிவு முடிவாகும். திறந்த பேனாவை மூடினீர்கள். பதிவானதைவிட எண்ணியதில் ஐம்பது வாக்கு குறைந்தது. குனிந்து தேடினீர்கள், மேசைக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தது ஒரு கட்டு.

"வெற்றி ஊர்வலம் தெருமுனை தாண்டிருச்சு அண்ணே, கையெழுத்தைப் போட்டுத் தொலைங்க!" என்றார் அன்றைய துணை அலுவலர்.

"ஊர்வலத்தை எண்ணச் சொல்லி எனக்கு உத்தரவு இல்ல தம்பி. கட்டை எண்ணுவோம்" என்று எங்கள் பக்கம் திரும்பினீர்கள். "நீங்க எல்லாரும் பார்த்தீங்கல்ல? சாட்சிக் கையெழுத்துப் போடுங்கப்பா."

நாங்கள் பதினொரு பேரும் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தோம். அதற்கு மூன்று இறக்கை என்பதைப் பிசகில்லாமல் எண்ணி முடித்தோம்.

தாங்கள் மறுத்ததும் தங்களுக்குப் பதிலாகத் துணை அலுவலர் கையெழுத்திட்டார், மேலதிகாரி ஆனார். தாங்கள் காலிப் பெட்டிக் கிடங்கின் காவலர் ஆனீர்கள். பிரிக்காத கட்டும் உறைக்குள் முத்திரையோடு அங்கேயே வந்து சேர்ந்தது. பாதுகாத்து வைக்கும் கெடு முடிந்ததும் விதிப்படி அதை எரித்துப் பதிவேட்டில் எழுதும் கொடுமையும் தங்கள் தலையிலேயே விழுந்தது. "ஐம்பது. எண்ணவில்லை" என்று எழுதினீர்கள். பக்கத்தில் சாட்சிக்கான கட்டம் இன்றும் காலியாகவே கிடக்கிறது.

ஐயா! நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க! எங்களை மன்னிக்காமலே வாழ்க! உண்மையில் வென்றவர் யாரென்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் மேலதிகாரி தலைமையேற்ற இதே மேடையில், ஒலிபெருக்கியில், நான்காண்டு தாமதமாகச் சொல்கிறோம்: கட்டு இருந்தது. பார்த்தோம்.

சாட்சிகள்,
கூடத்து ஊழியர் பதினொருவர்